நம்மைக் கேட்காமல் வரும் அபிவிருத்தி



2015இல் ஐக்கிய நாடுகள் சபையில் உலக நாடுகள் 17 இலக்குகளை ஏற்றன. 2030க்குள் நிலைபேறான அபிவிருத்தி என்றார்கள். மண்ணும் நீரும் கெடாமல் நம் பிள்ளைகளுக்கும் மிஞ்ச வேண்டும் என்பதே அதன் பொருள். நாம் அதற்கு எதிரி அல்ல. மலையில் மருந்து அடிப்பவர்கள் நாம்தானே?

பிறகு தடை எங்கே? 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உரம், களைக்கொல்லி இறக்குமதி நிறுத்தப்பட்டது. மாற்று உரம் போதிய அளவு இருக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் தடை நீங்கியது. ஆனால் உர விலை ஏறியிருந்தது, டொலருக்கும் தட்டுப்பாடு. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது.

செடியில் கொழுந்து இல்லாவிட்டால் கூடை எப்படி நிறையும்? நிறை குறைந்தால் அரைப்பேர் விழுவது நமக்குத்தான். மேலே எடுத்த முடிவுக்குக் கீழே சம்பளம் வெட்டுப்படுகிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: மண்ணைக் காக்கும் திட்டம் படிப்படியாக வரட்டும். திட்டம் போடும் மேசையில் தொழிலாளருக்கும் இடம் வேண்டும். செடி தேறும்வரை கிலோ இலக்கைக் குறைத்து முழுப்பேர் போட வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும்.