பயம் சொல்லாது, பரிசோதனை சொல்லும்



மானாவாரி வெள்ளாமை பொய்த்தால் பிழைப்புக்கு வெளியூர் போகிறோம். அங்கே ஆணுறை இல்லாமல் ஓர் உறவு நேர்ந்துவிட்டால், அப்புறம் லேசாகக் காய்ச்சல் வந்தாலும் 'எய்ட்ஸோ' என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஒரு தடவையிலேயே எச்.ஐ.வி. தொற்றியே தீரும் என்பதில்லை. தொற்றாது என்பதும் இல்லை. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

72 மணி நேரம் தாண்டுமுன் அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேவையென்று கண்டால் டாக்டர் 28 நாள் தடுப்பு மாத்திரைக்கு வழி செய்வார். நாள் கடந்துவிட்டதா? நம்பிக்கை மையத்தில் உடனே ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பரிசோதியுங்கள்; இலவசம், ரகசியம். அதுவரை மனைவியிடமும் ஆணுறை கட்டாயம்.

தாய்மார்களே, சண்டை பிறகு. முதலில் கூட்டிப் போங்கள். 1986-ல் சென்னையில் இதைக் கண்டபோது மருந்தில்லை. இன்று தினமும் மாத்திரை சாப்பிட்டு நெடுநாள் வாழலாம்.