மரத்துக்குள் வாழும் நூற்புழு

கொக்கிப்புழுவைத் தோட்டத்து மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் பாதத்தைத் துளைத்து, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சி ஆளைச் சோகையாக்கும் புழு அது. அந்த இனத்தின் உறவுகள் சில மரக்கட்டைக்குள்ளும் குடியிருக்கின்றன. நூல்போல் மெலிந்தவை என்பதால் நூற்புழுக்கள் என்கிறோம். நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

ஜப்பானில் நாகசாக்கிப் பகுதியில் பைன் மரங்கள் கூட்டங்கூட்டமாகச் சாவதாக 1905-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்கள். பட்டையைத் துளைக்கும் வண்டுகள்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1971-இல் கியோஹாரா, தொக்குஷிகே என்னும் இரு ஆய்வாளர்கள், செத்த மரத்தில் கண்ட நூற்புழுவை நல்ல மரத்தில் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல மரமும் செத்தது. வண்டு வெறும் வண்டிக்காரன்தான்! நீண்ட உணர்கொம்புள்ள அந்த வண்டு இளங்கிளையைக் கடிக்கும்போது, அதன் உடலிலிருந்து புழு இறங்கிக் காயத்தின் வழியே மரத்துக்குள் புகுகிறது. உள்ளே பல்கிப் பெருகியதும் தண்ணீர் ஏறும் பாதை அடைபட்டு, இலைகள் பழுத்து, மரம் சில மாதங்களில் பட்டுப்போகிறது. 1979-இல் மட்டும் ஜப்பான் இழந்தது சுமார் 24 லட்சம் கன மீட்டர் மரம். இந்தப் புழுவின் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள பைன் மரங்கள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. சீனாவில் 1982-லும், போர்த்துகலில் 1999-லும் அதைக் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே பல நாடுகளில் காடு காடாகக் கணக்கெடுக்கிறார்கள். வாடிய மரத்தைத் துளைத்துத் தூள் எடுப்பார்கள். துளைக்கருவியை மெதுவாகவே சுழற்றவேண்டும். சூடேறினால் புழு செத்துவிடும். தூளைத் துணியில் கட்டி, தண்ணீர் நிரப்பிய புனலில் வைப்பார்கள். புனலின் அடியில் ஒரு ரப்பர் குழாய், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு கவ்வி. ஓர் இரவு கழிந்தால் புழுக்கள் நெளிந்து வெளியேறி அடியில் சேர்ந்திருக்கும்.

இந்தப் புனலின் பிறப்பிடம் எது தெரியுமா? பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள சுமத்திரா. அங்கே தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த பேர்மன் என்ற மருத்துவர், மண்ணில் கொக்கிப்புழுக் குஞ்சுகளைத் தேட இதை அமைத்து 1917-இல் எழுதி வெளியிட்டார். கூலிகளின் நோய்க்காகப் பிறந்த கருவி இன்று உலகக் காடுகளில் வேலை செய்கிறது. பள்ளிப் பாடநூலில் இதைச் சேர்க்கவேண்டும் என்பது என் ஆசை.

பிடித்த புழுவெல்லாம் பகையல்ல. பல நூற்புழுக்கள் செத்த மரத்தின் பூஞ்சணத்தைத் தின்று வாழ்பவை. கொல்லும் புழுவுக்கு உடன்பிறப்புப் போன்ற ஒரு சாதுவான இனமும் உண்டு. பெண்புழுவின் வால் நுனியில் சிறு முனை இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்தே இனம் பிரிப்பார்கள். நம் அண்டை நாடான தாய்லாந்தின் பைன் மரங்களில் தேடியபோது, 2002-இல் புதிய இனம் ஒன்றை விவரித்து அந்நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

பைன் காடு இல்லாத நமக்கென்ன என்று கேட்பீர்கள். பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளையும் அடித்தட்டுகளையும் பாருங்கள். பல பைன் பலகையால் ஆனவை. புழுவும் வண்டும் அதில் ஏறி வராதிருக்க, பலகையின் நடுப்பகுதிவரை 56 பாகை வெப்பம் 30 நிமிடம் ஏறவேண்டும் என்று 2002-இல் அனைத்துலக விதி ஏற்பட்டது. அப்படிச் சூடேற்றிய பலகையில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இதே குடும்பத்துப் புழு ஒன்று தென்னையையும் செம்பனையையும் கொல்கிறது. டிரினிடாட் தீவில் 1905-இல் அறியப்பட்ட அந்நோய்க்குச் செவ்வளைய நோய் என்று பெயர். நோயுற்ற மரத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே சிவந்த வளையம் தெரியும். அந்தப் புழு அமெரிக்கக் கண்டத்திலும் கரீபியன் தீவுகளிலும் இருக்கிறது; நம் பக்கம் இல்லை. ஆனால் அதைச் சுமக்கும் கூன்வண்டின் உறவான சிவப்புக் கூன்வண்டு 2007-இல் திரங்கானுத் தென்னைகளில் காணப்பட்டது. மரம் வெட்டும்போது அப்படியொரு வளையம் கண்ணில் பட்டால், துண்டை அங்கிங்கு கொண்டுபோகாமல், தோட்ட நிர்வாகத்திடமோ விவசாய இலாகாவிடமோ அன்றே சொல்லிவிடுங்கள்.