ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்கு மேலே என்ன இருக்கிறது?

(பெண்கள் கல்வி வழிகாட்டுதல் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரை)





பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு, பக்கத்தில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் சில மாதம் ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ கோர்ஸ் படித்து, தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெண்கள் நம் தெருக்களில் நிறையப் பேர். நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, மலஜலம் எடுப்பது எல்லாம் இவர்கள் கையால்தான் நடக்கிறது. ஹலாலான உழைப்பு. சம்பளம் குறைவு என்பதால் அந்த வேலை தாழ்ந்துவிடாது.

ஆனால் ஐந்து வருடம் போனாலும் அதே வேலை, ஏறக்குறைய அதே சம்பளம். “சீனியர் ஆனதும் நர்ஸ் ஆக்கிவிடுவார்கள்” என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஆக்குவதற்கு எந்த ஆஸ்பத்திரிக்கும் அதிகாரம் கிடையாது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தோம்.

நர்ஸ் என்பது பதிவினால் வரும் தகுதி. 1926-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் இயங்கும் தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் ஏற வேண்டும். அங்கீகாரம் உள்ள கல்லூரியில், இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பாடத்தைப் படித்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். உதவியாளர் கோர்ஸ் சர்டிபிகேட்டைக் கொண்டுபோனால் பதிவு கிடைக்காது. அந்த கோர்ஸை வைத்து நர்சிங்கில் இரண்டாம் வருடத்தில் சேரவும் வழியில்லை. மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் தரப்படும் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ சான்றிதழும் உதவியாளர் வேலைக்கானதுதான். வேலை கிடைக்க அது உதவும், நர்ஸ் ஆக்காது.

ஆள் பற்றாக்குறையில் உதவியாளரை ஊசி போடச் சொல்லும் இடங்களும் உண்டு. ஏதாவது ஆகிவிட்டால் பதிவில்லாத பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். “அது என் வேலை இல்லை, சிஸ்டரைக் கூப்பிடுகிறேன்” என்று சொல்லப் பழகுங்கள்.

இனி படிப்புகளுக்கு வருவோம். ஏ.என்.எம். இரண்டு வருடம். பன்னிரண்டாவதில் எந்தப் பாடப்பிரிவு எடுத்திருந்தாலும் கவுன்சில் விதி அனுமதிக்கிறது. அரசில் கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு வழி இதுதான். ஜி.என்.எம். மூன்று வருடம். பன்னிரண்டாவதில் 40 சதவீதம், ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும். அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை. அரசுக் கல்லூரிகள் எந்தப் பாடப்பிரிவைக் கேட்கின்றன என்பதை அந்தந்த வருடக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் அநேகமாக யாருக்கும் தெரியாத ஒரு விஷயம், இவை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறக்கூடிய படிகள் என்பது. ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் ஜி.என்.எம்.மில் சேரலாம். ஜி.என்.எம். முடித்தவர் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம். பிறகு எம்.எஸ்சி. படித்து நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாகவும் போகலாம். பத்தாவதோடு நின்றவர்கள் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமோ பன்னிரண்டாவதை முடித்துவிட்டு வரலாம். வேலை பார்த்துக்கொண்டே அதைப் படித்துவிட முடியும்.

வயதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டுக்கும் 17 முதல் 35 வரைதான். ஏ.என்.எம். பதிவு உள்ளவருக்கு ஜி.என்.எம். சேர மேல் வயது வரம்பு கிடையாது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி முப்பதைத் தொட்டவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட நேரமில்லை.

பெற்றோருக்கு ஒன்று. இரண்டாம் வருடம் படிக்கும்போது நல்ல சம்பந்தம் வந்தது என்று நிக்காஹ் முடித்துவிடுகிறோம். மாப்பிள்ளை வீட்டார் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். அந்தப் பிறகு வருவதேயில்லை. பாதிப் படிப்புக்குச் சான்றிதழும் இல்லை, கட்டிய பணமும் திரும்பாது. நிக்காஹ் பேசும்போதே படிப்பை முடிக்கவைப்பதாக நான்கு பேர் முன்னால் பேசி வையுங்கள். நகைக்குப் பேசுகிறோம், இதற்குப் பேசக் கூடாதா?

இரவு டியூட்டி, முக்காடு பற்றிக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சேரும் முன்பே கல்லூரி முதல்வரிடம் கேட்டுவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் வழக்கம் வேறு. மற்றபடி இந்தத் தொழில் நமக்கு ஆகாது என்று யாராவது சொன்னால், ருஃபைதா (ரலி) அவர்களை நினைவூட்டுங்கள். மதீனாவில் பள்ளிவாசலை ஒட்டிய கூடாரத்தில் காயம்பட்ட ஸஹாபாக்களுக்குச் சிகிச்சை செய்தவர் அவர்.

செலவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு உள்ளது. சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வைக்காமல், விண்ணப்பத்தின் கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகிறோம். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லிருந்து இருக்கிறது. டாம்கோ கல்விக் கடன் வட்டியுள்ளது என்று தயங்கும் குடும்பங்கள், வெளியில் கடன் வாங்கும் முன் நமது ஜகாத் நிதிக்கு விண்ணப்பியுங்கள்.

வளைகுடா ஆசை பலருக்கும் உண்டு. சவூதி, துபாய், கத்தாருக்கு நர்சாகப் போக வேண்டுமானால், ‘டேட்டாஃப்ளோ’ சரிபார்ப்பில் சான்றிதழைக் கொடுத்த இடத்திலேயே நேரடியாக விசாரிப்பார்கள். அங்கீகாரமில்லாத இன்ஸ்டிடியூட்டின் சர்டிபிகேட் அங்கேயே விழுந்துவிடும். அனுப்பி வைக்கத் தமிழக அரசின் ஓ.எம்.சி.எல். நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. ஏஜெண்டிடம் லட்சங்களைக் கொடுக்கும் முன் அங்கே விசாரியுங்கள்.

எந்தக் கல்லூரியில் சேருவதாக இருந்தாலும், “கவர்ன்மெண்ட் அப்ரூவ்டு” என்ற போர்டை நம்பாமல், இந்த வருடத்துக்கான கவுன்சில் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் பணம் கட்டும் முன் கல்லூரியின் பெயரை நமது அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறோம். வரும்போது பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் இவற்றின் நகலைக் கொண்டுவாருங்கள். உதவியாளர் கோர்ஸ் சர்டிபிகேட் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.