நோய்த் தொலைவும் சாதித் தொலைவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

“பெருந்தொற்றும் மக்களும்” என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கொரோனா நோய் நம் நாட்டிற்குள் நுழைந்து ஐந்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நோயைப் பற்றி மருத்துவர்கள் வேண்டிய அளவு பேசிவிட்டனர். நான் எடுத்துக்கொண்டிருப்பது அதன் தொடக்க மாதங்களை மட்டுமே. நோய் வருமுன்னரே அச்சம் வந்துவிட்ட அந்த நாள்களில் மக்கள் எவ்வாறு நடந்துகொண்டனர், அந்நடத்தையில் நமக்குப் பழக்கமான பழைய முகம் ஒன்று எங்கெங்கே தலை காட்டியது என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இந்தியாவின் முதல் நோயாளி கேரளத்தில் 2020 ஜனவரி 30ஆம் நாள் கண்டறியப்பட்டார். சீனத்து ஊகான் நகரில் பயின்று திரும்பிய மாணவி அவர். மார்ச் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் முதன்முதலாக நோய் உறுதி செய்யப்பட்டது மார்ச் 17ஆம் நாள், அதுவும் மாகேயில். மாகே மேலைக் கடற்கரையில், கேரளத்தின் நடுவே இருப்பது என்பதை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் என்ன? அடுத்த நாளே இந்நகரத்தில் முகக்கவசம் தேடி அலைந்தவர் பலர்.

அதற்கு முன்பே வதந்தி வந்துவிட்டது. கோழிக்கறி உண்டால் நோய் வரும் என்று யாரோ கிளப்பிவிட, கறிக்கோழியின் விலை வீழ்ந்தது; நாமக்கல் பண்ணைகளில் முட்டை தேங்கியது. பூண்டு போதும் என்றனர் சிலர். மஞ்சள் போதும் என்றனர் சிலர். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டபோது, “கிருமி பன்னிரண்டு மணி நேரமே உயிர் வாழும், ஊரடங்கோ பதினான்கு மணி நேரம், ஆகவே திங்கட்கிழமை காலையில் நாட்டில் கிருமியே இராது” என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் வலம் வந்தது. நோயாளியின் உடலுக்குள் இருக்கும் கிருமி கடிகாரம் பார்த்து இறப்பதில்லை என்பதைக் கேட்பாரில்லை. படித்தவர்களே இதனை மிகுதியாக அனுப்பினர் என்பது ஆசிரியனாகிய எனக்கு வருத்தம் தந்த செய்தி. அன்று மாலை ஐந்து மணிக்கு மருத்துவப் பணியாளர்க்கு நன்றி கூறும் பொருட்டுக் கைதட்டச் சொன்னார்கள். வீட்டு வாயிலில் நின்று தட்டியிருந்தால் போதும். பல ஊர்களில் தட்டும் கரண்டியுமாகத் தெருவில் ஊர்வலமே போயினர். கூட்டம் கூடாதீர் என்பதற்காக வந்த நாளில் கூட்டம் கூடியது!

மார்ச் 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுவதும் முடக்கம். கூபேர் அங்காடியின் காய்கறிக் கடைகள் புதிய பேருந்து நிலையத்திற்கு இடம் மாறின. தமிழ்நாட்டோடு நமக்குள்ள எல்லைகள் அடைக்கப்பட்டன. ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு தமிழ்நாடு என்று பின்னிக் கிடக்கும் நிலப்பகுதி நம்முடையது. பெண் கொடுத்த ஊரும் கூலிக்குப் போகும் வயலும் ஒரே இரவில் அயல்நாடாயின.

அந்நாள்களில் ஒரு சொல் ஓயாமல் காதில் விழுந்தது. தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினால், மறுமுனை ஒலிக்குமுன் ஓர் இருமல் ஒலி கேட்கும்; அதன்பின் அறிவுரை வரும். வானொலியிலும் சுவரொட்டியிலும் அதே அறிவுரை: “சமூக விலகலைக் கடைப்பிடியுங்கள்.” அந்தச் சொல்லை முதன்முறை கேட்ட நம் பெரியவர் ஒருவர், “இதைத்தான் நம்மிடம் பரம்பரையாகக் கடைப்பிடிக்கிறார்களே, இப்போது என்ன புதிதாக?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். உடனிருந்தவர்கள் சிரிக்கவில்லை.

அச்சொல் பொருத்தமற்றது என்பதை உலகச் சுகாதார நிறுவனமே உணர்ந்தது. மார்ச் 20ஆம் நாள் முதலே அவர்கள் உடலளவிலான இடைவெளி என்று மாற்றிச் சொல்லத் தொடங்கினர். உடல்கள் விலகியிருக்கட்டும், உறவுகள் விலக வேண்டா என்பது அதன் கருத்து. தமிழிலும் பின்னர் “தனிமனித இடைவெளி” என்னும் தொடர் வழக்கிற்கு வந்தது. எனினும் பழைய சொல் அதற்குள் தன் வேலையைச் செய்துவிட்டது. “பார்த்தீர்களா? நம் முன்னோர் தொடாமை, தீட்டு என்று வகுத்ததெல்லாம் சுகாதார அறிவியலே, கை குலுக்காமல் கும்பிடச் சொன்னவர்கள் நாம்” என்று பெருமை பேசும் செய்திகள் கைப்பேசிதோறும் உலவின. நம் பிள்ளைகளில் சிலருக்கும் அவை வந்தன. ஒரு மாணவன் என்னிடமே அதனைக் காட்டி, “ஐயா, இது உண்மையா?” என்று வினவினான். அன்று அவனுக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கும் சொல்கிறேன்.

தீட்டு சுகாதாரமாக இருந்திருந்தால் சளி பிடித்தவன் எச்சாதியாயினும் அவனைத் தள்ளி நிறுத்தியிருக்க வேண்டும். குளித்து முழுகி வெள்ளை உடுத்தி வந்த நம்மவரை அருகே அழைத்து அமர்த்தியிருக்க வேண்டும். அவ்வாறு நடந்ததுண்டா? தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்தவன், நோயுள்ளவனுக்கொன்று நோயில்லாதவனுக்கொன்று என்றா வைத்தான்? தெருவின் அழுக்கை அள்ளியவனுக்குச் சோப்பும் கையுறையும் தருவது சுகாதாரம். அவன் கையில் நீர் வாங்க மறுப்பது சாதி. நோய்க்காக நிற்கும் தொலைவு பதினான்கு நாளில் முடிந்துவிடும். பிறப்புக்காக வகுத்த தொலைவுக்கு நாள் கணக்கு கிடையாது.

இன்னொன்றும் உண்டு, இளைஞர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். கொரோனா, காய்ச்சலும் இருமலும் தோன்றாதவரிடமிருந்தும் பரவக்கூடிய நோய். தன்னிடம் கிருமி இருப்பது தனக்கே தெரியாது. ஆகையால் “இவன் தூயவன், அவன் தீட்டானவன்” என்று பார்த்த அளவில் பிரிப்பதற்கு அங்கு இடமே இல்லை. நான் அணியும் முகக்கவசம் என்னைக் காப்பதைவிட எதிரில் நிற்பவரைக் காப்பதற்கே மிகுதியும் பயன்படுவது. மருத்துவம் கேட்ட இடைவெளி இருபுறமும் சமமானது. ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளும் உதவி அது. தீட்டோ ஒருவழிப் பாதை. இவ்விரண்டையும் ஒன்றென்று கூறுவது அறியாமையால் மட்டும் வருவதென்று நான் கருதவில்லை.

தொலைவைப் பற்றி இந்நகரத்தாருக்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்றனர். நம்மவர் குடியிருப்புகள் பெரும்பாலும் இரண்டுக்கும் வெளியே இருந்தன. அக்குடியிருப்புகளில் ஓரறை வீட்டில் ஆறு பேர் வாழ்பவரிடம், “காய்ச்சல் கண்டால் தனி அறையில் இருங்கள்” என்று அறிவுரை வந்தது. எந்த அறையில்? கைகளை அடிக்கடி கழுவுங்கள் என்றனர். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம்தான் கழுவும் நேரம்.

நம் மக்களுக்கு நோயாளியைத் தனிமைப்படுத்தத் தெரியாது என்று எவரும் எண்ண வேண்டா. அம்மை கண்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். வாயிலில் வேப்பிலைக் கொத்துச் செருகுவார்கள். அதனைக் கண்டதும் விருந்தாளி திரும்பிவிடுவார். வீட்டார் பிற வீடுகளுக்குப் போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரையில் இந்தக் கட்டு நீடிக்கும். ஆயினும் அவ்வீட்டை எவரும் இழித்துப் பேசியதில்லை. “தாய் வந்திருக்கிறாள்” என்றார்கள். பக்கத்து வீட்டுக் கூழும் இளநீரும் வாசற்படிக்கு வந்து சேர்ந்தன. பெரியம்மை மாரியம்மனின் கோபத்தால் வந்ததுமன்று, வேப்பிலையால் போனதுமன்று, தடுப்பூசியால் ஒழிந்தது. இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். அதனை நான் மறுக்கவில்லை. நான் சுட்டுவது, தள்ளி நிற்கவும் தெரிந்து இழிவு செய்யாமலும் இருந்த ஒரு பழக்கம் நம் தெருக்களில் இருந்தது என்பதையே.

2020இல் வேப்பிலைக்கு மாற்றாக வந்தது அரசு ஒட்டிய அறிவிப்புத் தாள். அத்தாள் ஒட்டிய வீட்டிற்குப் பால்காரர் வரமறுத்தார். நோய் நீங்கி மாதங்கள் ஆனபின்னும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்கள் உண்டு. இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. தாள் ஒட்டப்பட்ட வீட்டார் தீண்டத்தகாதவர்களைப் போல் நடத்தப்படுகின்றனர் என்று 2020 டிசம்பர் மாதத்தில் நீதிபதிகளே குறிப்பிட்டனர். உரிய அதிகாரியின் ஆணையின்றி அவ்வாறு ஒட்டலாகாது என்றும் தீர்ப்பாயிற்று. நாட்டின் தலைமை நீதிமன்றம் அந்நிலைமையை விளக்க வேறொரு சொல்லைத் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அச்சம் கொண்ட கூட்டம் குற்றவாளியைத் தேடும். முதலில் சீனர் என்றனர். அதனால் நம் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் தம் சொந்த நாட்டின் நகரங்களிலேயே வசை கேட்டனர். மார்ச் இறுதியில் டெல்லி நிசாமுதீன் மாநாட்டிற்குச் சென்று வந்தவர்களிடம் நோய் கண்டபோது, இசுலாமியர் அனைவர்மேலும் பழி விழுந்தது. காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு வாங்கியவர்கள் உண்டு. ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் சிலர்மீது போடப்பட்ட வழக்குகளைத் தள்ளியபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்றே கூறியது. நம்மவரிலும் சிலர் அந்தப் பழிச்சொற்களைத் திருப்பிச் சொன்னார்கள். இதனை இம்மேடையில் மறைக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 19ஆம் நாள் சென்னையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் எர்குலிசு கொரோனாவால் இறந்தார். உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டு சென்றபோது கூட்டம் மறித்தது. அண்ணா நகர் வேலங்காட்டிற்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கழியும் பறந்தன. ஓட்டுநர் காயமுற்றார். நண்பரான மருத்துவர் ஒருவர் தாமே வண்டியை ஓட்டிச் சென்று, மருத்துவமனை ஊழியர் இருவரின் துணையோடு இரவில் மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். நாடே வெட்கிற்று. மூன்றே நாளில் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு ஏழாண்டு வரை சிறை என்றாயிற்று. வரவேற்க வேண்டியதே. ஆனால் அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில் ஆதிதிராவிடர் ஒருவரின் உடலைச் சுடுகாட்டிற்குக் கொண்டு செல்லப் பாதை மறுக்கப்பட்டுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அங்கே எந்தக் கிருமி இருந்தது? அதற்காக எந்த அவசரச் சட்டம் வந்தது?

நம் புதுச்சேரியிலும் 2020 ஜூன் மாதத்தில், நோயால் இறந்த ஒருவரின் உடலைக் கவச உடை அணிந்த பணியாளர்கள் குழிக்குள் வீசிய காணொளி நாடெங்கும் பரவியது. விசாரணைக்கு ஆணையிடப்பட்டது. அச்செயல் தவறே. எனினும் அப்பணியாளர்களும் அஞ்சிய மனிதர்களே; அவர்களுக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள் என்று கேட்டவர் மிகச் சிலர்.

கொள்ளைநோய் எல்லாரையும் சமமாகப் பார்க்கும் என்பர். அது கணக்குக்கு ஒவ்வாத பேச்சு. 1918இல் வந்த நச்சுக் காய்ச்சலின்போது பம்பாய் நகரத்தில் இறந்தோர் கணக்கைச் சாதிவாரியாக எடுத்துள்ளனர். ஐரோப்பியரில் ஆயிரவருக்கு 8.3 பேர், பார்சிகளில் 9 பேர், சாதி இந்துக்களில் 18.9 பேர், தாழ்ந்த சாதியார் என்று அக்கணக்கு குறித்த மக்களில் 61.6 பேர்! குருதியில் குறையன்று, நெரிசலான குடியிருப்பு, அரைவயிற்று உணவு, படுத்தால் பார்ப்பாரில்லாமை ஆகியவற்றின் கணக்கு அது.

அதற்கும் முன்னர், 1897இல் புனே நகரத்தைப் பிளேக் நோய் பிடித்தது. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். பெண்களுக்குப் பள்ளி திறந்த சாவித்திரிபாய் பூலே ஓடவில்லை. தம் வளர்ப்பு மகனான மருத்துவர் யசுவந்தைக் கொண்டு ஊருக்கு வெளியே சிகிச்சை விடுதி அமைத்தார். முந்த்வா ஊரின் மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதைக் கேள்வியுற்று, அவனைத் தம் முதுகில் சுமந்து விடுதிக்குக் கொண்டுவந்தார். தொற்று அவரையும் பற்றியது. மார்ச் 10ஆம் நாள் காலமானார். சிறுவன் பிழைத்தான். தொடாதே என்று ஊரும் சொன்னது, நோயும் சொன்னது. முதலாவதை அவர் வாழ்நாள் முழுவதும் மதிக்கவில்லை, இரண்டாவதை அறிந்தே மீறினார்.

2020இல் அவ்வாறு அறிந்தே தொட்டவர்கள் யார்? கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி கொரோனா மருத்துவமனையாக மாறியது. கோரிமேட்டில் சிப்மர் இருந்தது. மருத்துவரையும் செவிலியரையும் நாடு போற்றியது. ஊரடங்கில் ஒரு நாளும் அடங்காமல் விடியற்காலையில் தெருவைக் கூட்டியவர்களும், தாள் ஒட்டிய வீடுகளின் குப்பையை எடுத்தவர்களும், பிணவறையில் நின்றவர்களும் பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டுமா? சில ஊர்களில் அவர்களுக்கு மாலையிட்டார்கள், காலைக் கழுவிப் பூச்சொரிந்தார்கள். தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் என்னும் பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. பெயர் மாறியதே தவிர, ஒப்பந்தக் கூலி முறை மாறவில்லை. மாலை வாடுவதற்குள் பழைய குவளைக்கே திரும்பினர்.

அவர்கள் செய்த பணி எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. நம் தெருக்களில் அந்தப் பணிக்குச் சென்றவர் யார் யார், முதல் மாதத்தில் அவர்களுக்குக் கையுறை கிடைத்ததா, வீட்டிற்குத் திரும்பியபோது அண்டை வீட்டார் என்ன செய்தனர், கூலி எத்தனை நாள் நின்றது என்பனவற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைக்க நம் இளைஞர்களால் முடியும். நினைவு மங்குமுன் செய்ய வேண்டும். அதற்கென இருநூறு பக்கக் குறிப்பேடுகள் நான்கு வாங்கி வந்திருக்கிறேன். செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் நூலக அறைக்கு வரலாம்.