கோடித் தண்ணீரும் குடிக்கணக்கும்

(பேத்தமங்களாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்த பேத்தமங்களா ஏரியின் கரையில் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நேரம் குறைவு, பொருளுக்கு வருகிறேன்.

1. கேள்வி

ஓடை பெரிதாகப் பெரிதாக அதில் வாழும் டயாட்டம் இனங்களும் பெருகுமா? இந்த அவையில் பாதிப் பேருக்கு இது பழகிய கேள்வி. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓடைக்கல்லில் காலை வைத்தால் வழுக்குகிறதே, அந்தப் பழுப்புப் படலத்தில் நிறைந்திருப்பவை டயாட்டங்கள். டப்பியும் மூடியுமாகப் பொருந்திய சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒருசெல் பாசிகள்.

'பெருகும்' என்பது என் நண்பர்கள் பலரின் முடிவு. அதற்கு இரண்டு சாட்சிகளை அழைப்பார்கள். முதல் சாட்சி, வானோட் குழுவினர் 1980-இல் முன்வைத்த ஆற்றுத் தொடர்ச்சிக் கருத்து. அந்தக் கருத்தோ நடுத்தர ஆறுகளில்தான் பன்மை உச்சம் தொடும் என்கிறது. கடல்வரை ஏறிக்கொண்டே போகும் என்று சொல்லவில்லை. மேலும் அது, தலைப்பகுதி மரநிழலில் இருண்டு கிடக்கும் வட அமெரிக்கக் காட்டோடைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நந்தி மலையில் பிறக்கும் பாலாற்றின் கிளையோடைகளில் பெரும்பாலானவை வெயிலில் காய்பவை; நிழல் குறைவதால் கீழே பன்மை கூடும் என்ற வாதம் இங்கே பொருந்தாது.

இரண்டாம் சாட்சி ரூத் பேட்ரிக். கண்ணாடித் துண்டுகளை நீரில் வைத்து, பரப்பு கூடினால் இனம் கூடுகிறது என்று 1967-இல் காட்டியவர். ஆனால் அவர் ஆராய்ந்த காரணிகள் மூன்று: புது இனங்கள் வந்து சேரும் வேகம், வரக்கூடிய இனங்களின் இருப்பு, பரப்பு. நண்பர்கள் மூன்றாவதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டையும் பேத்தமங்களா ஏரி எனக்குக் கற்பித்தது.

2. கோடிக்குக் கீழே

நல்ல மழை பெய்த ஆண்டில் ஏரி நிரம்பிக் கோடி (மறுகால்) போகும். அது அடங்கிய பிறகும் கற்களுக்கிடையே சன்னமாக ஓர் ஓட்டம் சில நாள் நிற்கும். சிறுபிள்ளை தாண்டிவிடலாம். அப்படியொரு மார்கழிக் காலையில் அங்கே ஐந்து கற்களை எடுத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டில் வழித்தேன். டிக்காஷன் நிறத்தில் இறங்கியது. பாதியை வழக்கப்படி அமிலத்தில் காய்ச்சி, ஓடுகளை மட்டும் பிரித்துக் கண்ணாடியில் ஏற்றினேன். மீதியில் ஒரு சொட்டை உயிரோடு அப்படியே நுண்ணோக்கியில் வைத்தேன்.

அமிலம் கண்ட கண்ணாடியில் பெருங்கூட்டம். சங்கிலியாய்க் கோத்த ஆலகோசீரா, வட்டத்தட்டுப் போன்ற சைக்ளோடெல்லா, படகு வடிவ நாவிகுலா, ஊசியாய் நிட்சியா, ஒரு பக்கம் சிறுத்த கோம்போனீமா. இத்துணூண்டு ஓட்டத்தில் இத்தனை வகையா என்று மலைத்தேன். விடை உயிர்ச்சொட்டில் இருந்தது. கோம்போனீமா காம்பூன்றி நிற்கிறது. நாவிகுலா மெல்ல நகர்கிறது. இரண்டுக்குள்ளும் பொன்பழுப்பு நிறம். ஆலகோசீராவும் சைக்ளோடெல்லாவும் பெரும்பாலும் வெற்று ஓடுகள். அவை ஏரி நீரில் மிதந்து வாழ்பவை. கோடியோடு வழிந்து வந்து கல்லில் சிக்கியவை.

கல்யாண மண்டபத்துக்கு வந்தவர்களையெல்லாம் தெருக்காரர் என்று குடிக்கணக்கில் எழுதினால், அந்தத் தெரு ஊரிலேயே பெரிய தெரு ஆகிவிடும். அமிலம் அந்தத் தவறைத்தான் செய்கிறது. குடியிருப்பவரையும் விருந்தாளியையும் ஒரே நிறமாக்கிவிடுகிறது. ஓடை கீழே போகப் போக மேலிருந்து வரும் விருந்தாளிகள் கூடத்தான் செய்வார்கள். அப்படியானால் ஓடையின் அளவோடு இன எண்ணிக்கையும் கூடுவதாகக் காட்டும் நண்பர்களின் வரைகோடு மேலேறுவதில் எவ்வளவு வாழ்க்கை, எவ்வளவு வண்டல்? இதைப் பிரித்துக் காட்டாதவரை அவர்கள் முடிவை நான் ஏற்பதற்கில்லை. இருபது ஆண்டாகச் சொல்லிவருகிறேன். இன்று அச்சில் வரும்படி சொல்கிறேன்.

அடுத்து, 'பெரிது' என்றால் என்ன? பாலாற்றின் நீளம் 348 கி.மீ.; அதில் 222 கி.மீ. தமிழ்நாட்டில். கிளையோடைகள் கூடுவதை வைத்து ஓடைக்கு எண் தரும் ஸ்ட்ராலர் முறையில் வரிசை எண் போட்டால் வேலூர்ப் பாலத்தடியில் இருப்பது பேராறு. நேரில் போய் நின்றால் ஆண்டின் பெரும்பகுதி மணல். 2021 நவம்பர் போல எப்போதாவது கரைபுரளும். பிறகு மறுபடி மணல். கல்லில் ஒட்டி வாழும் உயிருக்கு ஆற்றின் அகலத்தால் என்ன பயன்? அதற்கு வேண்டியது எத்தனை நாள் ஈரம் என்ற கணக்கு. அந்தக் கணக்கில், வற்றிய பேராற்றைவிட இந்தக் கோடி ஓட்டம் சில மாதங்களில் பெரிது.

3. பிற ஆறுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் வற்றாத ஓடைகளில் பரப்புக்குக் கூடுதல் பங்கு இருக்கலாம், மறுக்கவில்லை. எந்த ஆற்றில் எண்ணினாலும், இனங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காண ஜி. வெங்கட்ராமன் 1939-இலும், வி. கிருஷ்ணமூர்த்தி 1954-இலும் தென்னிந்திய டயாட்டங்களைத் தொகுத்துத் தந்திருக்கிறார்கள். அந்த அடித்தளத்தில் எண்ணிக்கையைக் கட்டுவது நம் வேலை.

4. இனிச் செய்ய வேண்டியவை

சுருக்கமாகச் சொல்கிறேன். அமிலத்துக்கு முன் உயிருள்ளதைத் தனியே எண்ண வேண்டும். சிறிய ஓடையிலும் பெரிய ஆற்றிலும் ஒரே அளவு கல், ஒரே எண்ணிக்கை ஓடு. பேத்தமங்களாவிலிருந்து ராமசாகரம் ஏரிவரை மேலும் கீழும் ஒப்பிட வேண்டும். 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு வருகிறது. நீரோடும் நாள் கூடியதால் இனம் கூடியதா, அழுக்கைத் தாங்கும் நிட்சியா பாலியா மட்டும் தழைத்ததா என்று பார்க்க வேண்டும். தங்கவயல் சுரங்கக் கழிவால் ஆன சயனைடு மேடுகளிலிருந்து வழியும் மழைநீரோடைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரஷ்ஷும் தட்டும் எடுத்துக்கொண்டு வரும் மாணவருக்கு அந்தக் கற்களை நானே காட்டுகிறேன்.