தொட்டிலும் குரோமோசோமும்

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், கோயில் மரக்கிளைகளில் சிறு தொட்டில்கள் தொங்கக் காண்கிறோம். மகப்பேறு வேண்டிக் கட்டியவை அவை. பிள்ளை பிறக்காவிடில் ஊரார் பழிப்பது பெண்ணையே. ஆனால் குறை இருபாலரிடமும் இருக்கக்கூடும்.

1976-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர்களான டியெப்போலோவும் சுஃபார்டியும், விந்தணு இல்லாத ஆடவர் சிலரிடம், ஆணுக்கே உரிய 'ஒய்' குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு பகுதி குறைந்திருக்கக் கண்டனர். பின்வந்தோர் அப்பகுதியை ஏ, பி, சி என மூன்றாக வகுத்தனர். ஐதராபாத்தில் தங்கராஜ் குழுவினர் இந்திய ஆடவர் சிலரிடமும் இத்தகைய குறையைக் கண்டு 2003-இல் வெளியிட்டனர்.

இவ்வறிவின் பயன் யாது? 'ஏ' பகுதி முழுவதையும் இழந்தவரிடம் அறுவை செய்து விந்தணு தேடுவது வீண்முயற்சி. 'சி' மட்டும் இழந்தவரிடம் அது கிடைக்கக்கூடும். ஆயினும் அவருக்குப் பிறக்கும் மகனுக்கும் அக்குறை செல்லும். இதை முன்னரே கூறிவிட்டால், தம்பதியர் தெளிந்து முடிவு செய்யலாம். சிறிதளவு இரத்தம் கொண்டு செய்யும் சோதனையே சிகிச்சைக்கு வழி வகுத்துவிடுகிறது.

தொட்டில் கட்டும் நம்பிக்கையை நான் குறை கூறவில்லை. மருத்துவரிடம் செல்லும்போது மனைவியோடு கணவனும் செல்லட்டும். முதல் நாளிலேயே இருவரையும் சோதிப்பதுதான் முறை. பெண்ணின் மீதுள்ள பழியைத் துடைக்கும் அறமும் அதுவே.