நிற்க வைத்துப் பேசாதீர்!

(ஜவுளிக்கடை ஊழியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கடை அடைத்து, கலைந்து கிடந்த சேலைகளை எல்லாம் மடித்து அடுக்கிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டையும் தள்ளிப் போட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே!

ராத்திரி பத்தரை மணிக்குக் கூட்டம் போடுகிறோம். என்ன செய்வது? மற்றத் தொழிலாளிக்குச் சாயங்காலம் என்று ஒன்று உண்டு. ஜவுளிக்கடை ஊழியருக்கு அது கிடையாது. ஊருக்குத் தீபாவளி வந்தால் நமக்கு லீவு ரத்து. ஊருக்குக் கல்யாணம் வந்தால் நமக்குச் சாப்பாட்டு நேரம் பாதி. ஆடி மாதம் ஊரே தள்ளுபடியில் மகிழும்போது நம்முடைய தூக்கம்தான் தள்ளுபடி ஆகிறது.

உங்களைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ சொல்ல இந்த நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 2010இல் நம்மைப் போன்ற கடை ஊழியர்களின் கதையாக ‘அங்காடித் தெரு’ படம் வந்தது. தமிழ்நாடே பார்த்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டது. துடைத்தவர்கள் மறுவாரம் படத்தில் பார்த்த அதே ரங்கநாதன் தெருவுக்குப் போய், “அந்த அடுக்கையும் எடுத்துப் போடும்மா” என்றார்கள். இரக்கத்துக்கு ஆயுசு அவ்வளவுதான். ஆகவே இந்த மேடையில் இரக்கம் கேட்கப் போவதில்லை. நம்முடைய வேலை ஒரு தொழில், அதில் ஒரு தேர்ச்சி இருக்கிறது, அந்தத் தேர்ச்சிக்கு உரிய மரியாதை வேண்டும். கேட்பது அதைத்தான்.

“இதென்ன பெரிய வித்தை? பத்தாவது படித்த பிள்ளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும்” என்று பேசுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்களை ஒருநாள் முகூர்த்தப் பட்டுப் பிரிவுக்கு வரச் சொல்லுங்கள். மாடியில் இருக்கிற ஆபீஸ் ரூமுக்கு அல்ல, சேலை விரிக்கிற மேசைக்கு.

ஒரு கல்யாண வீட்டார் எட்டுப் பேர் ஏறி வருகிறார்கள். நம் அக்கா கேட்பது இரண்டே கேள்வி: “என்ன விசேஷம்மா? பொண்ணுக்கா, சம்பந்தி வீட்டுக்கா?” பதில் வருவதற்குள் அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். பணம் கொடுக்கப் போகிறவர் அப்பா. சத்தமாகப் பேசுகிறவர் சித்தி. ஆனால் முடிவு சொல்லப் போகிறவர், ஓரமாக ஒன்றும் பேசாமல் நிற்கிற அத்தை. முதல் சேலையே அந்த அத்தையின் கண்ணுக்குத்தான் விரிகிறது.

பெண்ணின் நிறத்துக்கு அரக்கு எடுக்குமா, மாம்பழ மஞ்சள் எடுக்குமா, மயில்கழுத்து எடுக்குமா என்று அவர் கை தானாகவே அடுக்கிலிருந்து உருவும். டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு நிறம், வாசல் வெயிலில் ஒரு நிறம் என்று அவருக்குத் தெரியும். அதனால் கேட்காமலேயே சேலையை ஜன்னல் பக்கம் கொண்டுபோவார். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருந்தால், அது கோர்வை போட்டு இணைத்ததா என்று புரட்டிப் பார்த்துச் சொல்வார். ஜரிகையை லேசாக உரசி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று காட்டுவார். சுடிதாரில் வந்த பெண்ணைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு, ஒரே நிமிஷத்தில் மணப்பெண் ஆக்கிவிடுவார். அதைப் பார்த்து அந்த அத்தை முதல்முறையாக வாய் திறப்பார்: “இதையே எடுத்துக்கலாம்.”

அவர்கள் போன பிறகுதான் பாதி வேலை. பிரித்துப் போட்ட நாற்பது சேலையும் அதனதன் பழைய மடிப்பிலேயே திரும்ப மடிய வேண்டும். மடிப்பு மாறினால் புதுச் சுருக்கம் விழும், சுருக்கம் விழுந்தால் சேலை பழசாகத் தெரியும், பழசாகத் தெரிந்தால் திட்டு நமக்கு.

இது வித்தை இல்லையா? வாயை மூடிக்கொண்டு நிற்கிற அத்தையின் மனசைப் படிப்பது வித்தை இல்லையா? இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்றால், பக்கத்துக் கடையில் இருக்கிற அனுபவசாலியை நீங்கள் ஏன் ஆள் விட்டுக் கூப்பிடுகிறீர்கள்? முகூர்த்த சீசன் வந்தால் ஏன் பழைய ஆளுக்கு லீவு மறுக்கிறீர்கள்? வாடிக்கையாளர் படியேறும்போதே “அந்த அக்கா இருக்காங்களா?” என்று ஏன் கேட்கிறார்? ஆளைப் பிடிக்கும்போது அனுபவசாலி, சம்பளம் போடும்போது மட்டும் சாதாரண ஆளா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “ஆன்லைன் வந்துவிட்டது, இனிமேல் விற்பனையாளர் எதற்கு?” என்கிறது. போனில் பார்த்து வாங்கியது கலர் வேறு, அளவு வேறு என்று திருப்பி அனுப்பாத வீடு எது? ஆளைப் பார்த்ததும் “சாருக்கு நாற்பது சைஸ்” என்று சொல்லுகிற கண் அந்தப் போனில் இல்லை. அதைத்தான் நீங்கள் தினமும் கடைக்குக் கொண்டுவருகிறீர்கள்.

இப்போது நாம் உட்காரக் கேட்கிற முக்காலிக்கு வருகிறேன். இவ்வளவு தெரிந்த ஒரு மனுஷியை, ஒரு மனுஷனைக் காலை முதல் ராத்திரி வரை நிற்க வைக்கிறார்கள். கூட்டம் இருந்தாலும் நில், கூட்டம் இல்லாவிட்டாலும் நில். கேட்டால், “உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவு” என்பார்கள்.

யாருக்கு மரியாதைக் குறைவு? நம் ஊர்ப் பழைய ஜவுளிக்கடைகளை எண்ணிப் பாருங்கள். தரையில் மெத்தை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போட்டிருக்கும். விற்கிறவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குகிறவரும் உட்கார்ந்திருப்பார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, நலம் விசாரித்து, நிதானமாகச் சேலையை விரிப்பார்கள். அப்போது எந்த வாடிக்கையாளர் மரியாதை போய்விட்டது என்று எழுந்து போனார்? நிற்க வைப்பது நம் பண்பாடு இல்லை. மாடி மாடியாகக் கடை எழும்பியபோது, கேமரா மாட்டி, மேற்பார்வைக்கு ஆள் போட்டபோது கூடவே வந்த வழக்கம் அது.

“உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள்” என்றும் சொல்கிறார்கள். அதே கடையில் கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துதான் இருக்கிறார். தூங்கிக்கொண்டா பணம் எண்ணுகிறார்? டாக்டர் உட்கார்ந்து பார்க்கிறார், நீதிபதி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார். சேலை விற்கிறவர் உட்கார்ந்தால் மட்டும் என்ன கெட்டுப்போகும்?

சட்டம் என்ன சொல்கிறது? கவனித்துக் கேளுங்கள், இது உங்கள் சொத்து. நின்று வேலை செய்கிறவருக்கு இருக்கை வேண்டும் என்று ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 44ஆம் பிரிவில் எழுதிவிட்டார்கள். கடைத் தொழிலாளிக்கு அது வர இன்னும் 73 வருஷம் பிடித்தது. 2021இல்தான் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. இங்கிலாந்தில் 1899லேயே, கடையில் வேலை பார்க்கும் பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். விக்டோரியா மகாராணி காலத்துச் சங்கதி!

நமக்கு முன்னால் கேரளத்தில் 2018இல் இந்த உரிமை வந்தது. ஆகாயத்திலிருந்து விழவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண் தொடங்கி வைத்த போராட்டம் அது. முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு நாற்காலி கேட்டார்கள். கேட்டதால் கிடைத்தது.

நாற்காலியோடு முடியவில்லை. நம்முடைய 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, நடுவே 1 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். இதெல்லாம் எழுதி எழுபது வருஷம் தாண்டியாயிற்று. உங்களில் எத்தனை பேருக்கு அந்த இரட்டைச் சம்பளம் வருகிறது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்... சரி, புரிந்துவிட்டது.

இந்தச் சென்னையில்தான், பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைமை ஏற்றார், திரு.வி.க. தோள் கொடுத்தார். துணியை நெய்தவர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சங்கம் கண்டுவிட்டார்கள். அதே துணியை விற்கிற நாம் இன்னும் ஒரு முக்காலிக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போகப் போவதில்லை. நம் பக்கமும் குறை இருக்கிறது. பெண் வீட்டார் வந்து “மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்று கேட்டால், நம் வீட்டில் என்ன சொல்கிறோம்? “பிரைவேட்ல இருக்கார்.” ஏன் இந்த மறைப்பு? திருடினோமா? ஏமாற்றினோமா? வாத்தியார் வாத்தியார் என்று சொல்கிறார், நர்ஸ் நர்ஸ் என்று சொல்கிறார். நாம் ஏன் ஜவுளிக்கடையில் பட்டு விற்கிறேன் என்று நிமிர்ந்து சொல்லக்கூடாது? தன் தொழிலைத் தானே மறைக்கிறவனுக்கு அடுத்தவன் எப்படி மரியாதை தருவான்?

ஆகவே தோழர்களே, மூன்று காரியம். முதலாவது, நாளைக்குக் கடைக்குப் போனதும் உங்கள் பிரிவில் முக்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தனியாக யாரும் கேட்க வேண்டாம். தனியாகக் கேட்டவர் பெயர் மறுநாள் பட்டியலில் இருக்கும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேளுங்கள், 22-ஏ பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இரண்டாவது, முக்காலி போட்டும் உட்கார விடவில்லை என்றால், தொழிலாளர் துறைக்கு மனு எழுத சங்கம் உடன் வரும். மூன்றாவது, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சேலை மடிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இந்தச் சட்டத்தையும் கற்றுக்கொடுங்கள்.

கடைக்கு வருகிற பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் உள்ளே நுழையும்போது விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். நின்றுகொண்டிருந்தால், “உட்காரும்மா, உட்கார்ந்தே காட்டு” என்று சொல்லுங்கள். மேற்பார்வையாளர் காதில் விழும்படி சொல்லுங்கள். முதலாளி சட்டத்துக்குப் பயப்படாமல் இருக்கலாம். வாடிக்கையாளருக்குப் பயப்படாமல் கடை நடத்த முடியாது.